ஏட்டில் ஏறாத பெயர்கள்

விழாக்கள் பல வகைப்படும். அறுவடை முடிந்த களிப்பில் பிறந்தவை சில. இறையன்பில் தோன்றியவை சில. வென்ற போரையும் பெற்ற விடுதலையையும் நினைவூட்ட எழுந்தவை சில. இவற்றுள் எந்த வகையிலும் அடங்காத விழா ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் இருந்திருக்க வேண்டிய சில பக்கங்கள் இல்லாதது கண்டு, அக்குறையை நிறைக்கத் தொடங்கப்பட்ட விழா அது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்கள் முழுவதும் நடைபெறும் மகளிர் வரலாற்றுத் திங்களையே குறிப்பிடுகின்றேன்.

கடல் கடந்த நாட்டின் விழாவுக்கும் மும்பையில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். எனக்கு அவ்விழா நூல்வழி அறிமுகமாகவில்லை. பேத்தி வழி அறிமுகமாயிற்று. கலிபோர்னியாவில் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவள், கடந்த மார்ச்சில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "பாட்டி, உங்க அம்மா என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டாள். குடும்பத்துப் பெண்மணி ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வரும்படி வகுப்பாசிரியை பணித்திருந்தாராம். முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்நகரப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பித்தவள் நான். அசோகர் என்ன செய்தார், அக்பர் என்ன செய்தார் என்ற வினாக்களுக்கே பழகிய செவிக்கு, 'உங்கள் அம்மா என்ன செய்தார்' என்பதையும் வரலாற்று வினாவாக ஒரு பள்ளி கருதியது வியப்பைத் தந்தது. அவ்வினா எங்கிருந்து புறப்பட்டது என்று தேடிப் படித்தேன். படித்தவற்றுள் நெஞ்சில் நின்றவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற சொனோமா என்னும் மாவட்டம் இருக்கிறது. சாந்தா ரோசா அதன் தலைமை நகர். அம்மாவட்டத்து மகளிர் நிலை ஆணையத்தின் கல்விக் குழுவினர், 1978 ஆம் ஆண்டில், மார்ச்சு 8 ஆம் நாளை உள்ளடக்கிய வாரத்தை மகளிர் வரலாற்று வாரமாகக் கொண்டாடினர். அவ்வாரத்தில் ஊர்ப் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் பள்ளி வகுப்புகளுக்குச் சென்று உரையாற்றினர். 'உண்மைப் பெண்' என்ற தலைப்பில் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. வாரத்தின் முடிவில் நகரின் நடுவே ஊர்வலம் ஒன்றும் நடந்தது. தலைநகரிலிருந்து வந்த ஆணையால் அன்றி, ஒரு மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் முளைத்த விழா இது என்பது கருதத்தக்கது.

இம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் மாலி மர்ஃபி மக்கிரெகர். அவரும் பள்ளி ஆசிரியையே. 1972 இல் வகுப்பறையில் மாணவன் ஒருவன் எழுந்து, மகளிர் இயக்கம் என்றால் என்ன என்று கேட்டான். விடை சொல்வதற்காக அவர் நூல்களைப் புரட்டினார். கிடைத்தது மிகச் சொற்பம். அந்த வெறுமையே அவரைத் தூண்டியது. ஆசிரியப் பணியில் இருந்தவர்களுக்கு இதன் அருமை நன்கு விளங்கும். மாணவன் கேட்கும் நல்ல வினா சில வேளைகளில் ஆசிரியரின் வாழ்க்கையையே வேறு திசையில் திருப்பிவிடும்.

மார்ச்சு 8 ஐ அவர்கள் தேர்ந்தெடுத்ததன் காரணம் வெளிப்படை. அது உலக மகளிர் நாள். அந்நாளின் வேரும் அமெரிக்காவில்தான் இருக்கிறது. 1909 பிப்ரவரி 28 அன்று அமெரிக்கச் சோசலிஸ்ட் கட்சி தேசிய மகளிர் நாள் ஒன்றைக் கொண்டாடியது. மறு ஆண்டு கோபன்ஹேகனில் கூடிய சோசலிஸ்ட் மகளிர் மாநாட்டில், ஜெர்மனியைச் சேர்ந்த கிளாரா ஜெட்கினும் அவர் தோழியரும் ஆண்டுதோறும் மகளிர் நாள் நடத்தவேண்டும் என்று முன்மொழிந்தனர். 1917 மார்ச்சு 8 அன்று உருசியத் தலைநகர் பெட்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் உணவு கேட்டு வீதிக்கு வந்தனர். ஒரு வாரத்தில் ஜார் மன்னர் முடி துறந்தார். அந்நாளே மகளிர் நாளாக நிலைத்தது. 1975 இல் ஐக்கிய நாடுகள் அவை அதனைக் கொண்டாடியது. 1977 இல் அதன் பொதுச்சபை உறுப்பு நாடுகளுக்கெல்லாம் பரிந்துரைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1857 மார்ச்சு 8 அன்று நியூயார்க்கில் தையற்கூடப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் நினைவாகவே மகளிர் நாள் ஏற்பட்டது என்ற கதை பல ஆண்டுகள் அச்சேறி வந்தது. நானும் மாணவியர் உரைகளில் அதைக் கேட்டிருக்கிறேன். ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்தபோது அப்படியொரு நிகழ்ச்சிக்குச் சான்று கிடைக்கவில்லை. 1950களில் பிரான்சில் உருவான கதை அது என்று கண்டார்கள். பெண்களின் வரலாற்றைக் கூறும் நாளுக்கே பொய்யான வரலாறு ஒன்று ஒட்டிக்கொண்டதை நினைத்தால் நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. உண்மை எழுதப்படாத இடத்தில் கற்பனை குடியேறிவிடுகிறது.

சொனோமாவின் சிறு விளக்கு நாடெங்கும் பரவியது எவ்வாறு? அதற்குக் காரணமானவர் கெர்டா லெர்னர் என்னும் அம்மையார். 1920 இல் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938 இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது ஆறு வாரம் சிறையில் இருந்தார். யூதக் கைதிகளுக்கு உணவு குறைக்கப்பட்டது. உடனிருந்த யூதரல்லாத இரு பெண்கள் தம் பங்கைப் பகிர்ந்து கொடுத்தனர். 1939 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நம்மைப் போலவே அவரும் பிறந்த ஊரையும் தாய்மொழியையும் விட்டு வந்தவர். மக்களை வளர்த்து, நாற்பது வயதை ஒட்டிக் கல்லூரி புகுந்து, 1966 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சாரா லாரன்ஸ் கல்லூரியில் 1972 இல் மகளிர் வரலாற்றுக்கென்று முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். 1979 கோடையில் அக்கல்லூரியில் நாட்டின் பல மகளிர் அமைப்புகளின் தலைவியர் கூடிய பயிலரங்கை அவர் நடத்தியபோது, சொனோமாவின் விழாவைப் பற்றிய செய்தி அங்கே எட்டியது. வந்திருந்தோர் தத்தம் ஊர்களில் அவ்வாறே செய்வதென்றும், நாடு தழுவிய வாரமாக அதனை ஆக்க முயல்வதென்றும் உறுதி பூண்டனர்.

அதன் பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. 1980 பிப்ரவரியில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் மார்ச்சு 2 முதல் 8 வரை தேசிய மகளிர் வரலாற்று வாரம் என்று அறிவித்தார். 1981 இல், குடியரசுக் கட்சியின் ஆரின் ஹாட்ச், ஜனநாயகக் கட்சியின் பார்பரா மிக்குல்ஸ்கி ஆகிய இருவரும் இணைந்து கொணர்ந்த தீர்மானத்தைக் காங்கிரசு நிறைவேற்றியது. பல மாநிலங்கள் தாமாகவே வாரத்தைத் திங்களாக நீட்டின. 1987 இல் மார்ச்சுத் திங்கள் முழுமையும் மகளிர் வரலாற்றுக்கு உரியதாயிற்று. ஒன்பது ஆண்டுகளில் ஒரு மாவட்டத்தின் வாரம் ஒரு நாட்டின் திங்களாக வளர்ந்தது.

ஆயினும் இவ்விழாவின் பொருள் சட்டத்தில் இல்லை. லெர்னர் அம்மையார் எழுப்பிய வினாவில் இருக்கிறது. அரசிகளையும் வீராங்கனைகளையும் பழைய வரலாற்றோடு சேர்த்துவிட்டால் போதும் என்று அவர் கருதவில்லை. ஆண்கள் போரும் வாணிகமும் அரசியலும் நடத்திய காலத்தில் பெண்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள், அவர்கள் கண்ணுக்கு அக்காலம் எப்படித் தோன்றியது என்று கேட்கவேண்டும் என்பது அவர் கொள்கை. மக்கட்தொகையில் பாதிப்பேரை விட்டுவிட்டு எழுதியதை முழு வரலாறு என்று எப்படிச் சொல்வது? வெள்ளைப் பெண்களோடு நின்றுவிடாமல், கறுப்பினப் பெண்களின் ஆவணங்களைத் தொகுத்து 1972 இலேயே தனி நூலாக வெளியிட்டவர் அவர்.

அக்கறுப்பினப் பெண்களுள் ஒருவரின் கதை என்னை நெடுநாள் விடாமல் பற்றிக்கொண்டது. சோஜர்னர் ட்ரூத் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட அவர், நியூயார்க்கு மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். அவர் சொல்லச் சொல்ல ஆலிவ் கில்பர்ட் என்ற பெண்மணி எழுதிய வாழ்க்கை வரலாறு 1850 இல் வெளிவந்தது. கேட்டு எழுத ஒருவர் கிடைத்ததால் அவ்வாழ்க்கை நமக்குக் கிடைத்தது.

ஆனால் மறு ஆண்டு, 1851 இல், ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகர மாநாட்டில் அவர் பேசிய உரைக்கு நேர்ந்தது வேறு. பேசிய சில வாரங்களுக்குள் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்த வடிவம் எளிய, நேரான நடையில் இருந்தது. 1863 இல் பிரான்சஸ் கேஜ் என்னும் அம்மையார் நினைவிலிருந்து எழுதி வெளியிட்ட வடிவமோ, தென்மாநில அடிமைகளின் கொச்சைப் பேச்சை அவர் வாயில் வைத்தது. ட்ரூத் அம்மையார் தென்மாநிலத்தவரே அல்லர்; டச்சு மொழி பேசிய வீட்டில் வளர்ந்தவர்; அவரது முதல் மொழி டச்சு. அவருக்குப் பிறந்த மக்கள் ஐவர் என்பர் ஆய்வாளர். அவ்வடிவமோ பதின்மூவர் என்கிறது. உலகம் நெடுங்காலம் போற்றியது அந்தப் பிந்திய வடிவத்தைத்தான். கேஜ் அம்மையாரின் எண்ணம் நல்லெண்ணமே. எனினும் பன்னிரண்டு ஆண்டு கழித்து, பிறர் மொழியில் எழுதியதால், பேசியவரின் குரல் மாறிப்போயிற்று. பெண்களை வரலாற்றில் ஏற்றினால் மட்டும் போதாது. உரிய காலத்தில், அவரவர் சொல்லிலேயே ஏற்றவேண்டும் என்ற பாடத்தை இதிலிருந்து பெற்றேன்.

அமெரிக்க மகளிர் வரலாற்றின் ஏடு ஒன்று நம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையாரை அறியாதார் இல்லை. திண்டிவனத்தில் தந்தையாரோடு தங்கியிருந்த இளமைக்காலத்தில், ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு ஆள் வந்தது. அவர் மருத்துவர் அல்லர். மருத்துவரான தந்தையாரோ ஆண் என்பதால் அவ்வீடுகளில் ஏற்கப்படவில்லை. விடிவதற்குள் மூவரும் மாண்டனர். அவ்விரவே அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1899 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று மீண்டார். 1918 இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். இக்கதையைச் சொல்பவர்கள் அம்மூன்று பெண்களையும் இன்னாருடைய மனைவி என்று கணவரின் சமயமும் சாதியும் கொண்டே சுட்டுகிறார்கள். யார் பெயரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு பெருநிறுவனத்தின் அடித்தளத்தில் மூன்று பெயரற்ற பெண்கள் உறங்குகிறார்கள்.

இனி, பேத்தி கேட்ட வினாவுக்கு வருகிறேன். என் அம்மா 1952 இல், பதினேழாம் வயதில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி இந்நகருக்கு வந்தார். அப்பா பரேல் பகுதியில் ஓர் ஆலையில் நூற்புப் பிரிவில் பணி புரிந்தார். தாராவியில் ஓர் அறை வீடு. 1982 சனவரி 18 அன்று தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ 2.5 இலட்சம் தொழிலாளர் ஓராண்டுக்கு மேல் வேலைக்குச் செல்லவில்லை. அப்போராட்டம் பற்றி நூல்கள் இருக்கின்றன. தலைவரின் பெயர் இருக்கிறது. ஆலைகளின் கணக்கு இருக்கிறது. அந்த ஓராண்டும் இலட்சக்கணக்கான வீடுகளில் உலை எப்படிக் கொதித்தது?

அதற்கு விடை என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுப்புத்தகத்தில் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. கம்மலை அடகு வைத்து ஒரு மூட்டை அரிசி வாங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தது. இட்லிப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றது. மராத்தி வாடிக்கைக்காரர்களிடம் எண்களை மட்டும் முதலில் கற்றுக்கொண்டது. அப்பாவின் மனம் நோகாதிருக்க, விற்ற பணத்தை அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு, பிறகு அவரிடமே கேட்டு வாங்கிச் செலவு செய்தது. இவ்வளவும் அதில் இருக்கின்றன. "எங்க வரிசையில் ஒம்பது வீடு. ஒரு வீட்டிலயும் அடுப்பு அணையல்ல. எல்லாம் கைமாத்துலதான் ஓடிச்சு" என்பது அம்மாவின் வாக்கு, அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

பேத்திக்கு இதைப் படித்துக் காட்டியபோது 'கைமாற்று' என்ற சொல்லில் வந்து நின்றாள். அவள் தாய் அதனை ஆங்கிலத்தில் கடன் என்று பெயர்த்தாள். நான் இசையவில்லை. கடனுக்கு வட்டி உண்டு, தாள் உண்டு, தவணை உண்டு. கைமாற்றுக்கு இவை எதுவும் இல்லை. இன்று உன் வீட்டில் ஒரு படி அரிசி, நாளை என் வீட்டில் ஒரு படி அரிசி. நடுவே ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்த நம்பிக்கை ஒன்றே ஈடு. முடிவில் பேத்தி அச்சொல்லைத் தமிழாகவே வைத்து, அதன் பொருளை மூன்று வரியில் கீழே விளக்கினாள். அமெரிக்கப் பள்ளி ஒன்றின் சுவரில் ஒரு வாரம் எங்கள் தாராவி வரிசையின் கைமாற்று தொங்கியது.

எங்கள் பழைய ரேஷன் அட்டையில் அம்மாவின் பெயர் இரண்டாவது வரியில், 'பத்னி' என்ற குறிப்போடு இருந்தது. 2013 இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறைந்த பெண்களுள் மூத்தவரையே ரேஷன் அட்டைக்குக் குடும்பத் தலைவராகக் கொள்ளவேண்டும் என்றது. அம்மா 2009 இலேயே காலமாகிவிட்டார்.

ஒரு திங்கள் கொண்டாடிவிட்டு மற்றப் பதினொரு திங்களும் மறந்துவிடுவதற்கா விழா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. மார்ச்சு வந்ததும் கடைகள் பூங்கொத்தும் தள்ளுபடியும் விற்பதை நாமும் காண்கிறோம். ஆனால் தைத்திங்களில் ஒருநாள் பொங்கலிடுவதால் மற்ற நாட்களில் சோற்றை மறந்தோமா? விழா என்பது நினைவுக்கு இடும் குறி. அக்குறியின் கீழ் ஆண்டு முழுவதும் வேலை நடக்கவேண்டும். அவ்வேலைக்கு நல்ல சான்று நம் நகரிலேயே உண்டு. அம்பை என்ற பெயரில் எழுதும் சி. எஸ். லக்ஷ்மி அவர்கள் தோழியருடன் சேர்ந்து 1988 இல் மும்பையில் 'ஸ்பாரோ' என்னும் மகளிர் ஆவணக் காப்பகத்தை நிறுவினார். பெண்களின் குரல்களையும் படங்களையும் தேடித் தொகுப்பதே அதன் பணி. தமிழ்ப் பெண்மணி ஒருவர் புலம்பெயர்ந்த நகரில் இதைச் செய்தார் என்பது நமக்கெல்லாம் பெருமை.

நம்மைப் போன்ற சங்கங்களின் பழைய மலர்களைப் புரட்டினால், நிருவாகிகளின் பெயர்கள் பட்டங்களோடு இருக்கின்றன. பெண்கள் பலர் 'திருமதி' என்ற சொல்லுக்குப் பின்னால் கணவர் பெயரோடு நிற்கின்றனர். முந்நூறு பேருக்குப் பொங்கல் வைத்த கைகளுக்கும், ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு அரிச்சுவடி கற்பித்த நாவுக்கும் அங்கே சொந்தப் பெயர் இல்லை. இனிவரும் மலர்களில் ஆண்டுக்கு ஒரு தாயின் வரலாற்றையாவது வெளியிடுவோம். அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த ஆண்டில் எந்த இரயிலில் வந்தார், முதலில் கற்ற பிறமொழிச் சொல் எது, கையில் காசில்லாத நாளில் என்ன செய்தார் என்று கேட்போம். சொன்னதைச் சொன்னபடி எழுதுவோம். அவர் பேச்சைத் திருத்தி நம் நடையாக்க வேண்டாம்.

எண்பதைக் கடந்த தாய்மார் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரர்கள் பலருக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வருவதில்லை. அடுத்த தலைமுறைக்குப் பேச்சும் நிற்குமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. மார்ச்சுத் திங்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப்புத்தகத்தோடு அவர்களுள் ஒருவர் வீட்டுக்குச் செல்லலாம். முதல் பக்கத்தில் அவர் பெயரை, அவருடைய சொந்தப் பெயரை, எழுதிவிட்டுக் கேட்கத் தொடங்கலாம்.